கை நின்னா படம் போச்சு

"ஆடியில வந்தேன். இப்ப தை முடியப் போகுது. ஒரு படம், ஒரே ஒரு படம் போட விட்டியளா?"

கேட்டவர் தங்கப்பழம். வயது அறுபதைத் தாண்டியாச்சு. முட்டியில் வலி.

ஃபிலோமி டிரேயைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இத்தனை நாளா என்ன பாத்திய, அண்ணாச்சி?"

"என்னத்தப் பாக்க? இருட்டைத்தான் பாத்தேன்."

"நல்லாப் பாத்தியளா?"

"இருட்டுல என்னத்த நல்லாப் பாக்க?"

"அப்பச் சரி. நாளைக்கும் வாங்க."

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன்னைவிட வயதில் எவ்வளவோ சின்னவள். கையில் ரப்பர் உறை, இடுப்பில் பிளாஸ்டிக் ஏப்ரன், வாயில் எந்நேரமும் நக்கல். இவளிடம் போய்ப் பாடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று பல்லைக் கடித்தார்.

கடித்து என்ன செய்ய? போக வேறு இடம் இல்லை.

*

தூத்துக்குடியில், மீன்பிடித் துறைமுகம் போகிற ரோட்டில், கொசுவலை விற்கிற கடைக்குப் பின்னால் ஓர் அறை. ஜன்னல் கிடையாது. கதவுக்கு உள்பக்கம் கனமான கறுப்புத் துணி. அதுதான் டார்க் ரூம். ஃபிலிமில் எடுத்த படத்தைத் தாளில் இறக்குகிற இடம்.

அந்த ஊரில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

மற்றதெல்லாம் எங்கே போச்சு என்று தங்கப்பழத்தைத்தான் கேட்க வேண்டும். மூடியதே அவர்தான்.

சும்மா மூடவில்லை. டை கட்டிக்கொண்டு போய் மூடினார். டிஜிட்டல் மெஷின் விற்கிற ஏஜென்ட் அவர். நாகர்கோவிலிலிருந்து ராமநாதபுரம் வரை ஒரு ஸ்டூடியோ விடாமல் ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் ஒரே பேச்சு.

"தண்ணி வேஸ்ட் இல்ல. தாள் வேஸ்ட் இல்ல. ஆள் வேஸ்ட் இல்ல."

பொய் ஒன்றும் சொல்லவில்லை. மெஷின் நல்ல மெஷின்தான். பட்டனை அழுத்தினால் படம் வந்தது. முதலாளிகள் வாங்கினார்கள். யாராக இருந்தாலும் வாங்கியிருப்பார்கள்.

ஃபிலோமி வேலை பார்த்த பெரிய லேபுக்கும் ஒருநாள் வந்தார்.

அந்த லேபைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சிவப்பு பல்பு ஒன்று மட்டும் எரியும், அது தாளைக் கெடுக்காது. அந்த வெளிச்சத்தில் ஒரு கூட்டமே வேலை பார்க்கும். கல்யாண மாசத்தில் நிற்க இடம் இருக்காது. மருந்து தளும்புகிற டிரேயைத் தூக்கிக்கொண்டு ஒருத்தர் பின்னால் ஒருத்தர் போவார்கள். ஒரு சொட்டு சிந்தாது, ஒருத்தர் மேல் ஒருத்தர் இடிக்க மாட்டார்கள். காலடிச் சத்தத்தை வைத்தே யார் வருகிறார்கள் என்று தெரியும்.

கடிகாரம் கிடையாது. தாளில் எவ்வளவு நேரம் வெளிச்சம் விழ வேண்டும் என்று அவரவர் எண்ணிக்கொள்வார்கள். ஃபிலோமி 'அருள் நிறைந்த மரியே' சொல்லி எண்ணுவாள். பக்கத்து மேசை காதர் பாய் வாய்க்குள்ளேயே ஓதுவார். மூலையில் நிற்கிற பேச்சிமுத்து கெட்ட வார்த்தையில் எண்ணுவான், ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப.

மூணு பேர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது யார் போட்டது என்று சொல்ல முடியாது. அம்புட்டு சுத்தம்.

தங்கப்பழம் வந்து போன பிறகு அந்தக் கூட்டம் கலைந்தது. ஃபிலோமி தனக்கு வர வேண்டிய காசுக்குப் பதிலாக என்லார்ஜரைக் கேட்டாள். நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கிற விளக்கு மெஷின் அது, ஆள் உயரம் இருக்கும். முதலாளி சிரித்துக்கொண்டே கொடுத்தார். அவள் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடி, கூடவே நடந்து வந்தாள்.

*

அப்படிப்பட்டவர் ஏன் அவளிடமே வந்து நின்றார்?

பெண்டாட்டி பேசவில்லை. அதுதான் விஷயம்.

தங்கப்பழத்துக்கும் சொர்ணத்துக்கும் முதல் பிள்ளை முத்துப்பழம். மூணு வயதில் காய்ச்சல் வந்து செத்துப்போனான். அப்புறம் ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, கட்டிக்கொடுத்தாச்சு. முத்துவின் பேரை மட்டும் வீட்டில் யாரும் சொல்வதில்லை. அவன் படமெல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள் நெகட்டிவாக இருந்தது.

தங்கப்பழம் ஒருநாள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஹார்ட் டிஸ்கில் ஏற்றினார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பெட்டியைக் கொல்லையில் கவிழ்த்துக் கொளுத்தினார். "இனி இது குப்பைதானே?" என்றார்.

கொஞ்ச வருஷம் கழித்து ஹார்ட் டிஸ்க் மேசையிலிருந்து கீழே விழுந்தது. டிக் டிக் என்று ஒரு சத்தம். எங்கெங்கேயோ கொண்டு போய்க் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

சொர்ணம் அழவில்லை, ஏசவில்லை. அவரோடு பேசுவதை நிறுத்தினாள், அவ்வளவுதான். சொல்ல வேண்டியதை ஃபிரிட்ஜிடம் சொன்னாள்.

"சோறு மேசையில இருக்குன்னு சொல்லு."

ஃபிரிட்ஜ் சொல்லாது. அவரே கேட்டுக்கொண்டு வந்து சாப்பிடுவார்.

பிறகு மகளுடைய பழைய ஜியோமெட்ரி பாக்ஸில் ஒரு நெகட்டிவ் துண்டு கிடைத்தது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது கிரகணம் பார்க்க எடுத்து ஒளித்து வைத்தது. கறுப்பு வெள்ளை. அதில் ஒரே ஒரு படம். திருச்செந்தூர்க் கடற்கரை, முத்துவுக்கு மொட்டை போட்ட நாள். தலையில் சந்தனம் பூசின கையோடு, வெயில் படாமல் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சொர்ணம் நிற்கிறாள். எடுத்தது தங்கப்பழம்தான்.

ஓடினார். தான் விற்ற மெஷின் இருக்கிற கடைக்கே ஓடினார். சேலை நிழலில் பிள்ளை முகம் மங்கலாக இருந்தது. "அதெல்லாம் இப்ப கம்ப்யூட்டரே போட்டுரும், அண்ணாச்சி" என்று கடைக்காரர் ஒரு தட்டு தட்டினார். அருமையான படம் வந்தது. வாய் நிறையப் பல். தலை நிறைய முடி.

சொர்ணம் அதைக் கையில் வாங்கினாள். ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பினாள்.

"மொட்டை போட்ட பிள்ளைக்கு முடி வச்சது யாருன்னு கேளு."

ஃபிரிட்ஜ் கேட்கவில்லை.

"எரிச்சாருல்லா, அந்தக் கையாலேயே போட்டுக் கொண்டாரச் சொல்லு. அதுவரைக்கும் பேச்சு இல்ல."

*

முதல் நாள் வந்தபோது அவர் "மேடம்" என்றுதான் ஆரம்பித்தார்.

"மேடமா? மெஷின் விக்கவா வந்திய?"

"இல்ல. படம் போடக் கத்துக்கணும்."

ஃபிலோமி சிரித்தாள். கொசுவலைக் கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"ஆள் வேஸ்ட் இல்லன்னு சொன்னியளே, ஞாபகம் இருக்கா? அந்த வேஸ்ட்டு ஆளு நான்தான். வாங்க உள்ள. செருப்பைக் கழட்டுங்க. போனை அந்த டின்னுக்குள்ள போடுங்க. இந்த வாசலைத் தாண்டி போன் வரக் கூடாது. ஒரு பொட்டு வெளிச்சம் பட்டாத் தாள் செத்துரும்."

அவர் நடந்ததையெல்லாம் சொல்லி நெகட்டிவை நீட்டினார். வாங்கி விளக்கில் பிடித்துப் பார்த்தாள். ஒரே கீறல்.

"கிரகணம் பாத்திய, சரி. வேற என்ன செஞ்சிய? பல்லு குத்துனியளா?"

விரலைத் தன் மூக்கின் ஓரத்தில் ஒரு தேய் தேய்த்தாள். அந்த எண்ணெய்ப் பசையை நெகட்டிவின் பளபளப்புப் பக்கத்தில் மெதுவாகத் தடவினாள். மறுபடி விளக்கில் பிடித்தாள். கீறல் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது.

தங்கப்பழம் வாயைப் பிளந்தார். "கீறல் எடுக்க நாங்க ஒரு சாஃப்ட்வேர் வித்தோம்."

"என்ன விலை?"

சொன்னார்.

ஃபிலோமி மூக்கைத் தொட்டுக் காட்டினாள். "இது எங்க அம்மா வீட்டுச் சீதனம்."

அவருக்கு அப்போதே புரிந்துபோச்சு, இவளிடம்தான் வேலை ஆகும் என்று. கையைக் கூப்பினார்.

"நீங்களே போட்டுத் தந்துருங்களேன். என்ன கேட்டாலும் தாரேன்."

"ஒரு நிமிஷ வேலை. போட்டுருவேன். உங்க வீட்டுக்காரி என் கையையா கேட்டா?"

அவர் கையை இறக்கிக்கொண்டார்.

*

பாடம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

என்லார்ஜரில் நெகட்டிவை மாட்டுவாள். விளக்கைப் போடுவாள். கீழே பலகையில் படம் தலைகீழ் நிறத்தில் விழும். சொர்ணத்தின் கூந்தல் வெள்ளையாகவும் கடல் நுரை கறுப்பாகவும். தாள் வைக்க மாட்டாள். வெறும் பலகை.

"பிள்ளை முகம் நிழல்ல இருக்கு. அதனால நெகட்டிவ்ல அந்த இடம் கண்ணாடி மாதிரி. வெளிச்சம் ஒழுகிரும். விட்டா முகம் கரியாயிரும். அந்த இடத்துக்கு மட்டும் கையைக் குறுக்க காட்டி மறைக்கணும். காட்டுங்க."

காட்டினார்.

"கை நிக்குது. ஆட்டுங்க. நின்னா உங்க கை நிழல் வெட்டி வச்ச மாதிரி தாள்ல விழுந்துரும். பிள்ளை தெரியாது, கைதான் தெரியும்."

ஆட்டினார்.

"விசிறி வீசாதீங்க."

மெதுவாக ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் கை தானாக நின்றது. இடுக்கியால் மணிக்கட்டில் ஒரு தட்டு விழுந்தது.

"நின்னுட்டு."

தினமும் இதுதான். ஃபிலோமி தன் வேலையைப் பார்க்கும்போது அவர் ஓரமாக நின்று கவனிப்பார். அவள் கை வெளிச்சத்துக்குள் போகும், வரும். ஒரு முகத்துக்கு உள்ளங்கை, ஒரு வானத்துக்கு இரண்டு கையும், ஒரு பட்டுச்சேலைக்கு ரெண்டே விரல். டிரேயில் படம் எழும்பி வரும்போது அந்தக் கை எங்கே போச்சு என்று தேடுவார். எந்த இடத்திலும் தடயம் இருக்காது. அவருக்குச் சிலிர்க்கும். ஊர் ஊராய் மெஷின் விற்ற மனுஷன், வாயை மூடிக்கொண்டு நிற்பார்.

பிறகு தன் கையைக் கொண்டு போவார். அது நின்றுவிடும்.

"எண்ணிப் பாருங்க" என்றாள் ஒருநாள்.

"ஒன், டூ, த்ரீ, ஃபோர்..."

"அது கடிகாரம் எண்ணுறது. நீங்க எண்ணுங்க."

"நான் எப்பிடி எண்ணுவேன்?"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

"நான் வேணா மரியேன்னு சொல்லட்டுமா?"

"அவ எனக்கு வேண்டப்பட்டவ. உங்களுக்கு எண்ணித் தர மாட்டா."

"என் கை ஏன் நிக்குது? அதையாவது சொல்லுங்க."

"உங்க கை. என்கிட்டக் கேக்கிய."

இப்படியே ஆடி போய், ஐப்பசி மழை போய், தையும் முடியப் போனது. அப்போதுதான், ஆரம்பத்தில் சொன்ன அந்தக் கேள்வியை அவர் கேட்டார். அவளும் நாளைக்கு வாங்க என்றாள்.

*

மறுநாள் போனார். வாசலில் மூட்டை முடிச்சு கட்டிக் கிடந்தது.

"ரோட்டை அகலமாக்குறாங்களாம்" என்றாள் ஃபிலோமி. "கொசுவலைக் கடையோட என் அறையும் போகுது. நாளைக்குச் சாவியைக் குடுக்கணும்."

தங்கப்பழம் மூட்டையைத் தள்ளிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "அப்ப என் படம்?"

"இன்னைக்குப் போடுங்க."

"இன்னைக்கா?"

"பின்ன, இடிச்ச பிறகா? மருந்து ஊத்தியாச்சு. தாள் அலமாரியில இருக்கு. தண்ணி பிடிச்சிட்டு வாரேன்."

குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இப்போது நடந்ததை நினைத்தால் யாருக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். தங்கப்பழத்துக்கு எண்ணிக்கை வராது, அது அவருக்கே தெரியும். அதனால் போனை டின்னில் போடவில்லை. இடுப்பில் வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டு உள்ளே போனார். அதில் ஸ்டாப் வாட்ச் இருக்கிறதே, கைக்குள் மறைத்து ஒரு ஓரமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பு.

சிவப்பு வெளிச்சத்தில் தாள் பெட்டியைத் திறந்தார். எத்தனை தாள் இருக்கிறது, எத்தனை தடவை தப்பு செய்யலாம்? வியாபாரி புத்தி. சீட்டுக்கட்டு மாதிரி மேசை முழுக்க விரித்துப் பார்த்தார்.

போன் அடித்தது.

பதறி வெளியே எடுத்தார். உள்ளங்கையில் பகல் மாதிரி வெளிச்சம். அதை நிறுத்துகிற அவசரத்தில் பேசுகிற பட்டனை அழுத்திவிட்டார்.

"அண்ணாச்சி, நீங்க வித்த மெஷின்ல சிவப்பு லைட்டு எரியுது. என்ன செய்ய?" என்றது ஒரு குரல்.

ஃபிலோமி வந்தபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். அவள் போனைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். ஒரு தாளை எடுத்து டெவலப்பர் டிரேயில் போட்டாள். அது மெல்ல மெல்லக் கறுத்து, அடுப்புச் சட்டியின் அடி மாதிரி ஆனது.

"நல்ல கறுப்பு" என்றாள்.

"ஏசுங்க. அடிங்க."

"மத்தியானச் சோத்துக்குப் பிறகு ஏசுதேன். இப்ப நேரம் இல்ல."

"வேற தாள்?"

"பம்பாய்லேருந்து வரணும். வாரப்ப இங்க ரோடுதான் இருக்கும்."

பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினாள். உள்ளே ஒரு கறுப்பு உறை. உறைக்குள் அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு தாள். ஒன்றே ஒன்று.

தங்கப்பழம் எழுந்து நின்றார்.

"போதும். ஒண்ணு போதும். முழுசாப் போடணும். கடல், கோபுரம், சொர்ணம், பிள்ளை, எல்லாம் வரணும். ஃபிரேம் போட்டு நடு வீட்டுல மாட்டணும்."

"எடுத்த எடுப்புல வருமா?"

"வரணும்."

"வராது. முதல்ல துண்டு போட்டுப் பாக்கணும்."

துண்டு என்பது அங்கே தினமும் நடக்கிற வேலைதான். ஒரு தாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, அதில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துவிட்டுத்தான் முழுத்தாளில் கை வைப்பார்கள். அந்த வெட்டுகிற வேலையைப் பார்க்கும்போதெல்லாம் தங்கப்பழத்துக்கு வயிறு எரியும். தாள் வேஸ்ட்.

"துண்டுக்குத் தாள் எங்க இருக்கு? இருக்கதே ஒண்ணு."

ஃபிலோமி கத்தரியை எடுத்தாள்.

சரக்.

"ஏட்டி! எம்பிள்ளைய வெட்டிட்டியே!"

மரியாதையெல்லாம் பறந்துபோச்சு. கையைப் பிடிக்கப் பாய்ந்தார். அவள் முழங்கையால் தள்ளிவிட்டு இன்னொரு வெட்டு வெட்டினாள். கடைசித் தாள் மூணு கீற்றாய் மேசையில் கிடந்தது. அவர் தேம்பித் தேம்பி அழுதார்.

ஃபிலோமி என்லார்ஜர் விளக்கைப் போட்டாள். பலகையில் திருச்செந்தூர் விழுந்தது.

"பிள்ளை முகம் எம்புட்டுப் பெருசு?"

அழுதுகொண்டே விரலை வைத்துக் காட்டினார். "இம்புட்டு."

விளக்கை அணைத்தாள். அதே இடத்தில் ஒரு கீற்றை வைத்தாள்.

"இதுல அடங்குமா?"

அவர் பார்த்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"அடங்கும்."

"கோபுரம் திருச்செந்தூர்லேயே இருக்கு. பஸ் ஏறிப் போய்ப் பாத்துக்கிடலாம். போடுங்க."

*

முதல் கீற்று கரியாய்ப் போனது.

இரண்டாவதில் முகம் வெளுத்துப்போய், புகை மாதிரி வந்தது. பக்கத்திலேயே வெட்டி வைத்தது மாதிரி ஒரு விரல் நிழல்.

"இது யாரு?"

"என் விரல்."

"நின்னுட்டு."

"நின்னுட்டு" என்றார் அவரும்.

மூன்றாவது கீற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு ஃபிலோமி ஏப்ரனைக் கழற்றினாள்.

"எங்க போறிய?"

"டீ குடிக்க."

"என்னைத் தனியா விட்டுட்டா?"

"என்ன தனியா? உள்ள மூணு பேருல்லா இருக்கிய."

துணி விலகியது. கதவு சாத்தியது.

*

கீற்றை வைத்தார். விளக்கைப் போட்டார். கையை உள்ளே கொண்டு போனார்.

ஒன், டூ என்று சொல்ல வாய் எடுத்தார். வரவில்லை. கை நிற்கப் போகிறது, தெரிந்துபோச்சு.

"முத்து" என்றார்.

வீட்டில் யாரும் சொல்லாத பேர். அவர் காதுக்கே அது புதுசாக இருந்தது.

"முத்து... முத்து..."

கை நிற்கவில்லை. ஃபிலோமி சொல்லிக் கொடுத்த மாதிரியும் ஆடவில்லை. அது பாட்டுக்கு மேலே போனது, கீழே வந்தது. காய்ச்சலில் தூங்காமல் அனத்துகிற பிள்ளையை ராத்திரியெல்லாம் நெஞ்சில் தட்டிக்கொண்டே இருந்தாரே, அந்தத் தட்டு. மறந்துபோச்சு என்று நினைத்திருந்தார். கை மறக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. பிள்ளை தூங்கிவிட்டது என்று எப்படித் தெரியுமோ, அப்படித் தெரிந்தது. விளக்கை அணைத்தார்.

கீற்றை மருந்தில் போட்டார்.

வெள்ளை. வெறும் வெள்ளை.

ஒரு காது வந்தது.

சேலைக் கரை வந்தது. கண் வந்தது, சூரியனைப் பார்த்துச் சுருங்கிய கண். மேலே தலை. தலையில் ஒரு முடி இல்லை.

*

கதவைத் திறந்தபோது ஃபிலோமி படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு டீ. அவர் நீட்டிய கீற்றை ஒரே ஒரு பார்வை பார்த்தாள்.

"ஹைப்போவுல போட்டியளா? இல்லேன்னா வீடு போறதுக்குள்ள கறுத்துரும்."

"போட்டேன்."

"கழுவினியளா?"

"கழுவினேன்."

"அப்ப டீயைக் குடிங்க. ஆறுது."

குடித்தார்.

"அன்னைக்கு உங்க லேபுக்கு நான் வந்து..."

"டீயைக் குடிங்க, அண்ணாச்சி."

டம்ளரை வைத்துவிட்டு, "இனி என்ன செய்விய?" என்று கேட்டார்.

"அக்கா பேக்கரிக்கு மக்ரூன் போடுதா. அடுப்புக்கு ஆள் வேணுமாம். எப்ப எடுக்கணும்னு அங்கேயும் மணி பாக்கக் கூடாதாம். எனக்குச் சரிப்படும்."

"என்லார்ஜர்?"

"அதுவும் கூட வருது. சீனி மூட்டைக்குப் பக்கத்துல நிக்கட்டும். யாராவது வந்து கேட்டா, அடுப்பை அணைச்சிட்டுப் போட்டுக் குடுப்பேன்."

அவர் எழுந்தார். நல்ல கீற்றை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"மத்த ரெண்டையும் எடுத்துக்கிடுங்க."

"அது வேஸ்ட்டுல்லா?"

ஃபிலோமி அவரையே பார்த்தாள்.

உள்ளே போய் இரண்டையும் எடுத்து வந்து, மூணையும் ஈரத்தோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டார்.

*

வீட்டில் சொர்ணம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தங்கப்பழம் ஈரம் சொட்டச் சொட்ட மூணு கீற்றையும் ஒரு தட்டில் வைத்து மேசையில் தள்ளினார்.

அவள் கையைத் துடைத்தாள். கண்ணாடியை மாட்டினாள்.

கறுத்ததை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள். கீழே வைத்தாள்.

வெளுத்ததை எடுத்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"பிள்ளை பக்கத்துல கெடக்கது யார் விரல்னு கேளு" என்றாள் ஃபிரிட்ஜிடம்.

"என் விரல்னு சொல்லு" என்றார் அவரும் ஃபிரிட்ஜிடம்.

அவள் அதைக் கீழே வைக்கவில்லை. இடது கையிலேயே வைத்துக்கொண்டு, வலது கையால் மூன்றாவதை எடுத்தாள்.

கீரைத் தண்டு உருண்டு தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

சொர்ணத்தின் கட்டைவிரல் அந்த மொட்டைத் தலைமேல் மெல்லப் போய்ப் பட்டது. விரலை எடுத்துப் பார்த்தாள். ஈரம்.

அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க," என்றாள், "சந்தனம் இன்னும் காயவே இல்லியே."